பழகிப்போன மருந்து

தலைவலி மாத்திரை முன்போல வேலை செய்யவில்லை என்றால் ‘உடம்புக்குப் பழகிவிட்டது’ என்கிறோம். கொசுவர்த்திச் சுருளைக் கொளுத்தி வைத்த பிறகும் காதருகே ரீங்காரம் ஓயவில்லை என்றால் ‘கொசுவுக்கும் இது பழகிவிட்டது’ என்கிறோம். பழகுதல் என்பது இனிய சொல். மாடு ஏருக்குப் பழகுகிறது, கண் இருட்டுக்குப் பழகுகிறது, புதுமணப்பெண் புகுந்த வீட்டுக்குப் பழகுகிறாள். முன்பு ஒவ்வாதிருந்த ஒன்றை அதே உயிர் சிறிது சிறிதாக ஏற்றுக்கொள்கிறது என்பதே இவை எல்லாவற்றின் பொருள். ஆனால் பூச்சிகளின் விஷயத்தில் இந்தச் சொல் நம்மை முழுக்கத் தவறான திசைக்கு இட்டுச் செல்கிறது. மருந்துக்குப் பழகிய கொசு என்று ஒன்று கிடையாது. மருந்து பட்ட கொசு அன்றே செத்துவிட்டது. இன்று நம்மைக் கடிப்பது அன்று சாகாமல் போன வேறொரு கொசுவின் பேத்தியின் பேத்தி.

இது வெறும் சொல்லாராய்ச்சி என்று தோன்றலாம். ஆயினும் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில், கோடிக்கணக்கான மனிதர்களின் உயிரைப் பணயமாக வைத்து எடுக்கப்பட்ட சில முடிவுகளுக்கு அடியில் இந்த ஒரு கேள்வியே இருந்தது: பூச்சி பழகுகிறதா, அல்லது பழகத் தேவையில்லாத பூச்சி முன்பே நம்மிடையே இருந்ததா?

கேள்வி டி.டி.டி.யைவிடப் பழையது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஆப்பிள் தோட்டங்களை ஒருவகைச் செதில்பூச்சி அரித்துக்கொண்டிருந்தது. கந்தகமும் சுண்ணாம்பும் சேர்த்துக் காய்ச்சிய கரைசலைத் தெளித்து அதைக் கொன்றுவந்தார்கள். சில தோட்டங்களில் அது சாகவில்லை. தெளித்தவர் சோம்பேறி, சரக்கு கலப்படம், மழை பெய்து கழுவிவிட்டது என்று வழக்கமான காரணங்கள் எல்லாம் சொல்லப்பட்டன. ஏ.எல்.மெலாண்டர் என்னும் பூச்சியியலாளர் அவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்துத் தள்ளிவிட்டு, 1914இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பூச்சிகள் தெளிப்பு மருந்தை எதிர்க்கும் திறன் பெறக்கூடுமா என்ற கேள்வியே அதன் தலைப்பு. அடுத்த முப்பது ஆண்டுகள் அதைப் பெரும்பாலோர் ஓர் உள்ளூர் விந்தையாகவே கருதினர்.

பிறகு டி.டி.டி. வந்தது. 1874லேயே ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்பட்டு, பயன் இன்னதென்று தெரியாமல் கிடந்த வேதிப்பொருள் அது. சுவிட்சர்லாந்தின் கெய்கி நிறுவனத்தில் பணியாற்றிய பவுல் முல்லர் 1939இல் அதன் கொல்லும் ஆற்றலைக் கண்டறிந்தார். 1943-44 குளிர்காலத்தில், போரில் சிதைந்த நேப்பிள்ஸ் நகரில் பேன்களால் பரவும் டைஃபஸ் காய்ச்சல் மூண்டபோது, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களின் சட்டைக்குள் இந்த வெள்ளைப் பொடியை ஊதினார்கள். நோய் அடங்கியது. குளிர்கால டைஃபஸ் கொள்ளை ஒன்று மனித முயற்சியால் பாதியில் நிறுத்தப்பட்டது அதுவே முதல்முறை என்று அக்காலத்தவர் கொண்டாடினர். முல்லருக்கு 1948இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அவர் மருத்துவர் அல்லர், வேதியியலாளர். அந்தப் பரிசு அக்காலத்தின் மனநிலையையும் சேர்த்தே காட்டுகிறது.

பரிசு அறிவிக்கப்படுவதற்கு முன்பே கதை திரும்பத் தொடங்கியிருந்தது. 1946இல் ஸ்வீடனின் வடபகுதியிலும், அடுத்த ஆண்டு இத்தாலியிலும், டி.டி.டி. அடித்த சுவரில் வீட்டு ஈக்கள் நிம்மதியாக உட்கார்ந்திருப்பது கண்டறியப்பட்டது. 1950-51 குளிர்காலத்தில் கொரியப் போர்முனையில் வீரர்களின் உடையில் அதே பொடி ஊதப்பட்டது. பேன்கள் சாகவில்லை. நேப்பிள்ஸ் அற்புதத்துக்கும் இதற்கும் இடையே ஏழு ஆண்டுகள்தான். 1951இல் கிரேக்கத்தில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் கொசு ஒன்றிலும் எதிர்ப்புத் தென்பட்டது.

இந்த இடத்தில்தான் பழகுதல் என்ற கருத்து முழு வலிமையோடு நுழைகிறது. கொல்லாத அளவில் மருந்துபட்ட பூச்சி உடல் உரம்பெற்று, அந்த உரத்தைப் பிள்ளைகளுக்கும் கடத்துகிறது என்று பலர் எண்ணினர். அது உண்மையானால் தீர்வு எளிது: அரைகுறையாக அடிக்காமல் அளவைக் கூட்டி அடி. மாறாக, எதிர்ப்புத்திறன் தரும் மரபணு மாற்றம் மருந்து வருவதற்கு முன்பே பத்தாயிரத்தில் ஒன்றிலோ லட்சத்தில் ஒன்றிலோ தற்செயலாகக் கிடந்தது என்றால், ஒவ்வொரு தெளிப்பும் ஒரு சல்லடை. எவ்வளவு முழுமையாக அடிக்கிறோமோ அவ்வளவு சுத்தமாக அந்த ஒன்றை மட்டும் பொறுக்கி எடுத்து, போட்டியில்லாத உலகத்தை அதன் கையில் கொடுக்கிறோம்.

எது சரி என்று காட்டிய சோதனைகளில் நமக்கு மிகவும் பிடித்தது 1960இல் பென்னட் வெளியிட்ட ஒன்று. அதன் எளிமை ஒரு நல்ல சிறுகதையின் எளிமை. பழ ஈக்களைக் குடும்பம் குடும்பமாக வளர்த்தார். ஒவ்வொரு குடும்பத்திலும் பாதிப் பேரை எடுத்து டி.டி.டி.யில் விட்டார். எந்தக் குடும்பத்து ஈக்கள் அதிகம் பிழைத்தன என்று குறித்துக்கொண்டார். பிழைத்தவற்றை அவர் வளர்க்கவில்லை. மருந்தின் வாசமே படாமல் தனியே வைத்திருந்த அவற்றின் உடன்பிறப்புகளை எடுத்து அடுத்த தலைமுறையை உண்டாக்கினார். இப்படியே தலைமுறைகள் சென்றன. கடைசியில் கிடைத்த ஈக்கள் டி.டி.டி.யை நன்றாக எதிர்த்தன. அவற்றின் தாயோ பாட்டியோ முப்பாட்டியோ ஒருமுறைகூட டி.டி.டி.யைத் தொட்டதில்லை. தொடாத ஒன்றுக்கு எப்படிப் பழகுவது?

ஆய்வுக்கூடச் சோதனை போதாது, வயல்வெளியில் நடந்ததற்குச் சாட்சி வேண்டும் என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. அதற்கு நாம் ஆஸ்திரேலியச் செம்மறிப் பண்ணைகளுக்குப் போகவேண்டும். அங்கே ஒருவகைப் பச்சை ஈ, ஆட்டின் ஈரமான கம்பளி மயிரில் முட்டையிடும். புழுக்கள் உயிருள்ள ஆட்டின் தோலைத் தின்னும். இதைத் தடுக்க 1950களிலிருந்து டயாசினான், மாலத்தியான் முதலிய ஆர்கனோபாஸ்பரஸ் மருந்துகள் வந்தன. 1960களில் எதிர்ப்பு வந்தது. பின்னாளில் மரபணுவைப் பிரித்துப் படித்தபோது காரணம் துல்லியமாகத் தெரிந்தது. ஈயின் உடலில் இருக்கும் ஒரு நொதியில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. அந்த மாற்றத்தால் நொதி மருந்தையே சிதைக்கக் கற்றிருந்தது. கற்றிருந்தது என்று எழுதும்போதே நம் மொழி நம்மை மீறிப் பழைய பிழைக்குள் இழுப்பதைக் கவனியுங்கள். ஒரே நொதியில் இரண்டு இடங்களில் இரண்டு மாற்றங்கள். ஒன்று டயாசினானை நன்றாகச் சிதைக்கும், மற்றது மாலத்தியானை.

ஆஸ்திரேலிய அருங்காட்சியகங்களில், அந்த மருந்துகள் புழக்கத்துக்கு வருவதற்கு முன் பிடிக்கப்பட்டு, குண்டூசியில் குத்தி வைக்கப்பட்ட பழைய ஈக்கள் இருந்தன. அவற்றின் உலர்ந்த உடலிலிருந்து மரபணுவை எடுத்து ஆராய்ந்து 2006இல் முடிவை வெளியிட்டனர். மாலத்தியானை எதிர்க்கும் மாற்றம் அந்த ஈக்களிலேயே இருந்தது. மாலத்தியான் அடிக்கப்படுவதற்கு முன்பே அதற்கான விடை ஆட்டு மந்தைகளுக்கு மேலே பறந்துகொண்டிருந்தது. டயாசினானை எதிர்க்கும் மாற்றம் அந்தப் பழைய ஈக்களில் காணப்படவில்லை. அது மிக அரிதாக இருந்ததால் ஊசிமுனையில் சிக்காமல் போயிருக்கலாம், அல்லது பின்னர் புதிதாகத் தோன்றியிருக்கலாம். மருந்து அதை உண்டாக்கியது என்று சொல்ல மட்டும் இடமில்லை.

டயாசினான் ஈக்களின் கதையில் இன்னொரு அத்தியாயமும் உண்டு. தொடக்கத்தில் அந்த மாற்றத்தைச் சுமந்த ஈக்கள் மருந்தை வென்றன, ஆனால் வேறிடத்தில் விலை கொடுத்தன. அவற்றின் உடலில் இடப்புற மயிர்களின் எண்ணிக்கை வலப்புறத்தோடு பொருந்தவில்லை, வளர்ச்சியும் தடுமாறியது. மெல்போர்னில் மெக்கென்சியும் அவருடைய சகாக்களும் இதைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தனர். சில காலம் கழித்து வேறொரு மரபணுவில் தோன்றிய மாற்றம் பரவி, இந்தக் குறையைச் சரிசெய்துவிட்டது. ஆக, பழகுதல் என்ற சொல்லுக்கு இங்கே எங்காவது இடமுண்டு என்றால் அது இதுதான் எனலாம்: ஈ மருந்துக்குப் பழகவில்லை, ஈயின் இனம், தலைமுறைகளின் ஊடாக, தன் உடலில் வந்து குடியேறிய புதிய மாற்றத்துக்குப் பழகிக்கொண்டது. இதன் பலன் நமக்குச் சாதகமானது அன்று. விலை கொடுக்கும்வரை, மருந்தை நிறுத்தினால் எதிர்ப்பும் மெல்லக் குறையும். விலை இல்லாமற்போனால் அது நிலைத்துவிடும்.

இனி டி.டி.டி.யின் சொந்தக் கதைக்குத் திரும்புவோம். பூச்சியின் நரம்பில் செய்தி ஓடுவதற்குச் சோடியம் அணுக்கள் நுழையும் நுண்ணிய வாயில்கள் உண்டு. அவை திறந்து உடனே மூடவேண்டும். டி.டி.டி. அந்த வாயிலில் ஆப்பு அடித்தாற்போல நின்று, மூடவிடாமல் செய்கிறது. நரம்பு ஓயாமல் துடித்து, பூச்சி மல்லாந்து விழுந்து சாகிறது. 1951இல் பஸ்வைன் என்ற ஆங்கிலேயர், இத்தாலியிலிருந்து வந்த சில ஈக்கள் விழவே இல்லை என்பதைக் கவனித்தார். அவை மருந்தைச் சிதைப்பவையாகத் தெரியவில்லை. மருந்து அவற்றைத் தொட்டும் ஒன்றும் ஆகவில்லை. ஏன் என்ற கேள்விக்கு விடை கிடைக்க நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. 1996இல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தார் உள்ளிட்டோர் கண்டது இது: அந்த வாயிலைக் கட்டும் புரதத்தில் 1014ஆம் இடத்தில் லூசின் என்ற அமினோ அமிலம் இருக்கவேண்டிய இடத்தில் ஃபினைல்அலனின் இருந்தது. ஆப்பு உட்காரும் பள்ளத்தின் வடிவம் மாறிவிட்டது.

இரண்டாண்டுகளில் மேற்கு ஆப்பிரிக்காவின் மலேரியாக் கொசுவிலும் அதே இடத்தில் அதே மாற்றம் கண்டுபிடிக்கப்பட்டது. மரபணுவின் மொழியில் ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் மூன்றெழுத்துச் சொல் ஒன்று உண்டு. சாதாரணக் கொசுவில் அந்த இடத்தில் இருப்பது டி.டி.ஏ. எதிர்ப்புக் கொசுவில் கடைசி எழுத்து மட்டும் மாறி, டி.டி.டி. என்று ஆகியிருக்கிறது. ஆங்கிலத்தில் இவ்வெழுத்து வேறு, பூச்சிக்கொல்லியின் பெயரிலுள்ள முதலிரண்டு எழுத்துகள் வேறு. தமிழில் எழுதும்போது நஞ்சின் பெயரும் அதை முறிக்கும் சொல்லும் ஒன்றாகிவிடுகின்றன. தற்செயல்தான், இருந்தாலும் நமக்கு இதைச் சொல்லாமல் கடந்துபோக மனம் வரவில்லை. கென்யாவில் இதே சொல்லின் நடு எழுத்து மாறி டி.சி.ஏ. ஆகி, அங்கும் எதிர்ப்பு விளைந்தது.

1970களில் ராதம்ஸ்டெட்டிலேயே உருவான பெர்மெத்ரின் முதலிய பைரித்ராய்டு மருந்துகளும் இதே வாயிலைத்தான் தாக்குகின்றன. நம் வீட்டுக் கொசுவர்த்தியிலும், செருகியில் மாட்டும் திரவப் புட்டியிலும், ஆப்பிரிக்கக் குழந்தைகள் உறங்கும் மருந்தூட்டிய கொசுவலையிலும் இருப்பவை அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. டி.டி.டி. பொறுக்கி எடுத்துப் பெருக்கிய ஓர் எழுத்து மாற்றம், பின்னால் வந்த மருந்துக்கும் பல இடங்களில் கதவைப் பாதி சாத்தி வைத்துவிட்டது. தாத்தா வாங்கிய கடனைப் பேரன் அடைப்பது போன்றதுதான்.

இவ்வளவும் உயிரியல். இந்த உயிரியல் மனிதர்களின் நாட்காட்டியோடு மோதிய இடம் இலங்கை.

1934-35இல் அந்தத் தீவில் மூண்ட மலேரியாக் கொள்ளையில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். மழை பொய்த்து ஆறுகள் வற்றி, படுகைகளில் குட்டை குட்டையாக நீர் தேங்கியது. அனோபிலிஸ் கியூலிசிஃபேசிஸ் என்னும் கொசு விரும்பும் இடம் அது. வறட்சியால் மலேரியா வந்தது என்பது கேட்கும்போது முரணாக இருக்கும், ஆனால் நடந்தது அதுவே. அந்தக் கொள்ளையில் கிராமங்களுக்குச் சென்று மருந்தும் உணவும் கொடுத்த இளைஞர்கள் சிலரே 1935 இறுதியில் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கியவர்கள். தீவின் அரசியல் வரலாற்றில் கொசுவுக்கும் ஒரு பக்கம் உண்டு.

போர் முடிந்ததும் டி.டி.டி. வந்தது. 1946இல் ஏறத்தாழ 28 லட்சமாக இருந்த மலேரியா நோயாளிகளின் எண்ணிக்கை 1963இல் 17. லட்சம் அன்று, வெறும் பதினேழு பேர். அதிலும் பெரும்பாலோர் வெளியிலிருந்து நோயோடு வந்தவர்கள். உலக வரலாற்றில் இப்படி ஒரு வீழ்ச்சியை அதற்கு முன் யாரும் கண்டதில்லை. 1964இல் தெளிப்பு நிறுத்தப்பட்டது. 1967இலிருந்து நோய் மீண்டும் தலைதூக்கி, 1968-69இல் ஐந்து லட்சத்தைத் தாண்டியது.

ஏன் நிறுத்தினார்கள்? இக்கேள்விக்கு 2000களில் இணையத்திலும் மேலைநாட்டுப் பத்திரிகைகளிலும் ஒரு பதில் மிகவும் பிரபலமாயிற்று. ரேச்சல் கார்சன் 1962இல் ‘சைலண்ட் ஸ்பிரிங்’ எழுதினார், உலகம் பயந்தது, இலங்கை டி.டி.டி.யைக் கைவிட்டது, மக்கள் மடிந்தனர் என்பது அந்தப் பதில். ஒரு பெண் எழுதிய ஒரு புத்தகத்தின் மேல் பிணங்களை அடுக்கும் இந்தக் கதை பலருக்கு வசதியாக இருந்தது. கதையில் காலவரிசை மட்டும் ஒத்துவரவில்லை. அமெரிக்கா டி.டி.டி.யைத் தடைசெய்ததே 1972இல்தான். அதிலும் பொதுச் சுகாதாரத் தேவைக்கு விலக்கு இருந்தது. இலங்கை நிறுத்தியது, வேறொரு திட்டப்படி நிறுத்தவேண்டிய கட்டம் வந்துவிட்டது என்று எண்ணியதால். நோய் திரும்பியதும் அது மீண்டும் கையிலெடுத்ததும் டி.டி.டி.யைத்தான்.

அந்தத் திட்டம் உலக சுகாதார நிறுவனம் 1955இல் அறிவித்த மலேரியா ஒழிப்பு. சில ஆண்டுகள் வீடு வீடாக முழுமூச்சாகத் தெளிப்பது, மனித உடலில் கிருமி அற்றுப்போனதும் தெளிப்பை நிறுத்திக் கண்காணிப்புக்கு மாறுவது என்பது அதன் வடிவம். இவ்வளவு அவசரம் ஏன் என்பதற்கு அத்திட்டத்தார் சொன்ன காரணங்களில் முதன்மையானது கிரேக்கத்துக் கொசு. எதிர்ப்புத்திறன் பரவி மருந்து பயனற்றுப் போவதற்கு முன், மருந்து வேலைசெய்யும்போதே நோயை முடித்துவிடவேண்டும். அவர்கள் அறியாமையில் இருந்தவர்கள் அல்லர். கொசுவோடு ஓட்டப்பந்தயம் என்று தெரிந்தே ஓடினார்கள். எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்டதாக நினைத்து நின்ற இடத்தில்தான் இலங்கை வீழ்ந்தது. கண்காணிப்பு தளர்ந்திருந்தது, மழை குறைந்த பருவம் வந்தது, கொசு இருந்தது. கார்சனின் நூலில் ஓர் அத்தியாயம் முழுக்கப் பூச்சிகளின் எதிர்ப்புத்திறனைப் பற்றியது என்பதைக் குற்றம் சாட்டுவோர் வாசித்ததாகத் தெரியவில்லை.

இலங்கைக் கியூலிசிஃபேசிஸ் டி.டி.டி.யை எதிர்ப்பது 1969இல் முதன்முதலாக உறுதியானது. இங்கே வாயில் மாறவில்லை, டி.டி.டி.யைச் சிதைக்கும் நொதி ஒன்று மிகுதியாகச் சுரந்தது. அடித்தும் நோய் இறங்கவில்லை. 1977 வாக்கில் டி.டி.டி.யை விட்டு மாலத்தியானுக்கு மாறினார்கள். 1980களின் தொடக்கத்தில் மாலத்தியானுக்கும் எதிர்ப்பு. பக்கத்தில் இந்தியாவிலும் இதே ஏறுமுகம்: 1965இல் ஒரு லட்சம் அளவுக்கு இறங்கிய நோயாளிகள் 1976இல் 64 லட்சம். வாசற்சுவரில் மலேரியாப் பணியாளர் கட்டம் போட்டுத் தேதி எழுதிச் சென்றதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நம்முடையது. அந்தக் கட்டங்கள் நிரம்பிய ஆண்டுகளிலேயே நோயும் திரும்பிக்கொண்டிருந்தது என்பது அப்போது நமக்குத் தெரியாது.

பிறகு இலங்கை செய்தது, நம் மதிப்பீட்டில், 1963இன் சாதனையைவிடப் பெரியது. ஆனால் அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஒரே மருந்தைத் தீவு முழுவதும் அடிப்பதை விட்டார்கள். 1990களிலிருந்து பைரித்ராய்டுகளும் சேர்ந்தன. மருந்துகள் மாற்றி மாற்றிப் பயன்படுத்தப்பட்டன, நோய் மிகுந்த இடங்களில் மட்டும் தெளிக்கப்பட்டன. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு நோயாளியையும் தேடிப்பிடித்தார்கள். போர் நடந்த வடக்கிலும் கிழக்கிலும்கூட இது அறுந்து அறுந்து தொடர்ந்தது. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 அக்டோபரில் பதிவானார். 2016 செப்டம்பரில் மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழ் வந்தது. இம்முறை அற்றுப்போனது கிருமி. கொசு எங்கும் போகவில்லை என்பதை அவர்கள் மறக்கவில்லை.

அதே 2016இன் டிசம்பரில், மன்னார்த் தீவில் ஒரு கிணற்றுக் கொசுவைக் கண்டெடுத்தார்கள். அதுவரை இலங்கையில் இருந்ததில்லை. அனோபிலிஸ் ஸ்டீஃபன்சி, இந்திய நகரங்களில், சென்னையின் கிணறுகளிலும் மாடித் தொட்டிகளிலும் நெடுங்காலமாக வாழ்ந்து மலேரியாவைப் பரப்பிவரும் இனம். சில ஆண்டுகளில் யாழ்ப்பாணத்துக் கிணறுகளிலும் அதன் புழுக்கள் காணப்பட்டன. பிடித்துச் சோதித்துப் பார்த்தபோது, கரையேறிய அந்தக் கொசுக்கள் வழக்கமான பூச்சிக்கொல்லிகளுக்கு எதிர்ப்புக் கொண்டவையாக இருந்தன. யாழ்ப்பாணத்தில் இப்போது கிணற்றில் மீன் விடுகிறார்களா, மூடி போடுகிறார்களா என்று வீடு வீடாகப் பார்த்து வருகிறார்கள்.